நாங்க ஒண்ணுமே எடுக்கறதில்லீங்க

உலகத்தில் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு, கேட்காமல் எடுக்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், யாரும் சந்தேகப்படுவதற்கு முன்பே கையை அகல விரித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "நாங்க ஒண்ணுமே எடுக்கறதில்லீங்க" என்று சத்தியம் செய்கிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. சத்தியவான்கள் என்று பெயர் வைப்போம். நல்லவர்கள். தெரிந்து பொய் சொல்ல மாட்டார்கள். தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள், அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பிடித்துக்கொடுத்தவர் இவர்தான். சாம்பாரில் உப்பு கரித்தால், "அது காண்ட்ராக்ட்டுங்க, நமக்கென்ன தெரியும்?" என்பார். பாயசம் அமிர்தமாக இருந்தால்? "நான் கொண்டாந்த ஆளு, பாத்தீங்களா!" என்று பந்தி பந்தியாகப் போய்ச் சொல்வார். புகழ் வந்தால் சொந்தக்காரர், புகார் வந்தால் வழிப்போக்கர்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியைப் பார்க்க ஆசையா? ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகருக்கு வாருங்கள். பேக்கரிக்கு மேலே, முட்டை பப்ஸ் வாசனை படியேறி வருகிற ஒரு மாடி அறையில் ஜோசியா உட்கார்ந்திருப்பார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் தமிழர், மல்காஜ்கிரியில் வீடு, பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் கௌரவமான உத்தியோகம். அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஆப் செய்யக் கிளம்பினார். அதற்கான காரணத்தை நான் கேலி செய்யமாட்டேன். மகள் எமியிடம் "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டால், "தினேசானு டாடி" என்று தெலுங்கில் பதில் வருகிறது. சொல்வது புரிகிறது, வாயில்தான் தமிழ் வரமாட்டேன் என்கிறது. பெற்றவனுக்கு வலிக்காதா?

ஆப்பில் ஒரு பச்சைக்கிளி எழுத்தைச் சொல்லும், குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். மே மாதம் சர்ச்சில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு, அதாவது விபிஎஸ்ஸுக்கு, ஊரிலுள்ள தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். அதற்குள் கிளி வந்துவிடும் என்று ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது பாஸ்டரே சொல்லியாயிற்று. வராவிட்டால், விட்ட வேலையும் போச்சு, சபையில் மானமும் போச்சு.

முதல் மாதம் இலவசம், பிறகு சந்தா. சந்தா வசூலிக்கும் ஏற்பாட்டைத் தானே எழுதினால் தலைமுடி நரைத்துவிடும் என்று, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ரெடிமேட் டூலை எடுத்து ஆப்புக்குள் மாட்டினார். அது சந்தாவைக் கவனித்தது. கூடவே, யாரும் கேட்காமலே, எந்த டேப்லெட், எப்போது திறந்தது, எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தது என்று குறித்துக்கொண்டு தன் முதலாளிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. குழந்தைகள் ஆப்பில் இது கூடாது என்பது, ஆப்பைச் சரிபார்த்து வெளியிடும் ஸ்டோர்க்காரர்களின் விதி. "உங்கள் ஆப் ஏதாவது தகவல் எடுக்கிறதா?" என்று அவர்கள் கேட்டார்கள். ஜோசியா "இல்லை" என்பதைத் தட்டினார். யோசிக்கவே இல்லை.

ஆப் திரும்பி வந்தது. உள்ளே இருக்கும் சந்தா டூல் குழந்தை வைத்திருக்கும் டேப்லெட்டின் அடையாளத்தை வெளியே அனுப்புகிறது என்று எழுதியிருந்தார்கள்.

அலுவலகத்தின் ஒரே ஊழியர் செலின், தூத்துக்குடிப் பெண், கையோடு வழி சொன்னாள்.

"சார், அந்த டூல்ல ஒரு செட்டிங் இருக்கு. அதை ஆஃப் பண்ணிட்டு, விளம்பரக் கணக்கு பாக்குற பகுதியைக் கழட்டிட்டா சோலி முடிஞ்சுது. மத்தியானத்துக்குள்ள பண்ணிருவேன்."

"கைக்கும்மா, எதுக்கு? நாமதான் ஒண்ணுமே எடுக்கறதில்லையே."

"நாம எடுக்கல சார். அது எடுக்குது."

"ஹவ், ஆமா! அதைத்தானே நானும் சொல்றேன்!"

செலின் நாற்காலியைத் தன் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உண்மைக் காரணம் வேறு. அதை ஆஃப் செய்துவிட்டால் ஜோசியாவின் காலைநேரத் திரை இருண்டுவிடும். சபைக் குடும்பங்கள் சிலவற்றுக்குப் பரீட்சார்த்தமாக ஆப்பைக் கொடுத்திருந்தார். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்குத் திறந்தது, எவ்வளவு நேரம் கிளியோடு இருந்தது, பணம் கட்டும் பக்கத்துக்குப் போய் யார் திரும்பியது என்று அந்த டூல் படம் போட்டுக் காட்டும். கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல, டீயும் பப்ஸுமாக உட்கார்ந்து அதைப் பார்த்தால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

ஆகவே சத்தியவான் தன் இனத்துக்கே உரிய வேலைகளில் இறங்கினார். முதலில் ஐகானின் நிறத்தை மாற்றி அதே ஆப்பை அப்படியே திருப்பி அனுப்பினார். திரும்பி வந்தது. பிறகு, தன் தாத்தா காலத்திலிருந்தே குடும்பம் நேர்மைக்குப் பெயர்போனது என்று ஸ்டோர்க்காரர்களுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். அதுவும் திரும்பி வந்தது. "அங்க உக்காந்திருக்கறவன் வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கான்மா" என்று முடிவுகட்டினார். கடைசியில் ஒரு யோசனை உதித்தது பாருங்கள்! குழந்தைகள் ஆப் என்று சொன்னால்தானே இந்தக் கெடுபிடி? பொதுக் கல்வி என்று பிரிவை மாற்றி, பெரியவர்களுக்கான ஆப்பாகத் தெரியட்டும் என்று கிளிக்கு மூக்குக்கண்ணாடி மாட்டி அனுப்பிவிட்டார்.

"கண்ணாடி அணிந்து பாடும் கிளி குழந்தைகளைக் கவரும் விதத்தில் உள்ளது" என்று பதில் வந்தது. செலின் சிரிப்பை அடக்க முடியாமல், பப்ஸ் வாங்குகிற சாக்கில் கீழே ஓடினாள்.

விபிஎஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சர்ச் ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்த பெற்றோர்களைக் கூட்டித் தைரியம் சொன்னார் ஜோசியா. "ஸ்டோர்க்காரங்க ஏதோ சந்தேகப்படறாங்க. நீங்க பயப்பட நக்கோ. நாங்க ஒண்ணுமே எடுக்கறதில்ல."

கூட்டத்தில் ஆக்னஸ் இருந்தார். ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக்கொண்டு, மகன் வெஸ்லியைத் தனியாளாக வளர்க்கிறவர். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். "எங்க வெஸ்லி ஒழுங்காப் படிக்கிறானா அண்ணா?"

அவ்வளவுதான். சத்தியவான் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து போன் வெளியே வந்தது.

"உங்க வெஸ்லிதான் சிஸ்டர் நம்ம ஸ்டார்! இதோ பாருங்க, வெள்ளிக்கிழமை காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கிளியை விடவே இல்ல. பெரியவங்க மட்டும் தாண்டணும்னு ஒரு பெருக்கல் கணக்கு வெச்சிருக்கோம்ல, அதையும் போட்டுட்டுப் பணம் கட்டற பக்கம் வரைக்கும் போய் நின்னிருக்கான். அதட்ட ஆளில்ல, பையன் பூந்து விளையாடியிருக்கான்!"

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட நாள். ஹாலில் தலைகள் திரும்பின. ஆக்னஸ் கப்பைக் கீழே வைத்தார்.

"அவனுக்குக் காய்ச்சல். எனக்கு லீவு தரல" என்றார், எல்லோருக்கும் கேட்கிறதே என்ற கூச்சத்தோடு. "கதவைப் பூட்டிட்டுப் போய், நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணிக்கிட்டே இருந்தேன். எங்க அக்காகிட்டகூட நான் சொல்லல. உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல சிஸ்டர். அது நாங்க இல்ல, அந்த டூலு..."

"அப்ப, எம்புள்ள வீட்டுல தனியா இருந்தது அந்த டூல்காரனுக்கும் தெரியுமா?"

ஜோசியா வாயைத் திறந்தார். "பெரிய கம்பெனி, சிஸ்டர்" என்றுதான் வந்தது. கேலி பேச வந்த எனக்கே அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. பெற்றவள் ஊருக்கு மறைத்த ஒரு நாளை, பிள்ளை கையில் கொடுத்த கிளி ஊர்கூட்டிச் சொல்லிவிட்டது. ஆக்னஸ் மகனிடமிருந்து டேப்லெட்டை வாங்கி, அங்கேயே ஆப்பை நீக்கினார். பக்கத்திலிருந்தவர் நீக்கினார். அவருக்குப் பக்கத்திலிருந்தவரும் நீக்கினார். டீ ஆறிப்போனது.

மறுநாள் ஜோசியா திரையைத் திறக்கவில்லை. "செலின், ஆஃப் பண்ணிடும்மா" என்றார். அவள் சொன்னபடியே மத்தியானத்துக்குள் முடித்தாள். இந்தத் தடவை கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்து, குழந்தைகள் பிரிவிலேயே, கண்ணாடியைக் கழற்றிய கிளியோடு அனுப்பினார்கள். விபிஎஸ் தொடங்குவதற்கு முன்பே ஆப் தேறிவிட்டது. ஜோசியா ஆக்னஸின் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டார். "பரவால்ல அண்ணா" என்றார் ஆக்னஸ். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? சபை வாட்ஸப் குழுவில் அன்றைக்கே ஒரு செய்தி போட்டார். கிளி வந்துவிட்டது, இனி யார் எப்போது திறந்தாலும் எங்களுக்குத் தெரியாது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். போட்டுவிட்டு அந்தச் செய்தியின் மேலேயே கட்டைவிரலை அழுத்திப் பிடித்தார்.

"செலின், சபையில முக்கால்வாசிப் பேர் பாத்துட்டாங்க. ஆக்னஸ் சிஸ்டர் உடனே பாத்திருக்காங்க. பாஸ்டரம்மா ரெண்டாவது. ஒருத்தர்கூட ஒரு கட்டைவிரல் போடல பாரேன்!"

"சார், அதையாவது பாக்காம இருங்களேன்."

"நான் எங்கம்மா பாக்கறேன்? அதுவா காட்டுது!"

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல என்று எனக்குத் தெரியும். அடுத்த வீட்டு விஷயம் உங்களுக்கு எதற்கு? நீங்கள் உண்டு, உங்கள் வேலை உண்டு. போவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். நேற்று ராத்திரி தூக்கம் வருகிறது என்று உங்களிடம் சொல்லிப் போனை வைத்த சம்பந்தி, அதற்குப் பிறகு எத்தனை மணி வரைக்கும் ஆன்லைனில் இருந்தார்?

அடேயப்பா! நிமிஷம் பிசகாமல் சொல்கிறீர்களே!