போகும் வழி மட்டும் தெரிந்தவன்

விதிமுறை தெரிந்தவனைப் போல ஆபத்தானவன் கிடையாது. பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியின் விசா பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளில் ஒரு ஜனவரி. தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்த காதர் பாய், ஆர்டர் பிடிக்க டிரினிடாட் கிளம்பினார். மகளின் நிக்காஹுக்குள் திரும்பிவிட வேண்டும்.

"அந்த ஊரு எங்க கெடக்குன்னே தெரியல சார். நீங்கதான் சொல்லணும்."

(இப்படி ஒருவர் கேட்டுவிட்டால் எனக்கு அன்று சாப்பாடு வேண்டாம்.) மாட்டுங்கா வீட்டில் இரண்டு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தேன். மழை ஜூனில்தான், குடை வேண்டாம். பருத்திச் சட்டை போதும். மின்சாரம் நூற்றுப்பதினைந்து வோல்ட், நம் இஸ்திரிப் பெட்டி அங்கே சூடாகாது. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் கையிலேயே இருக்கட்டும்.

"மஞ்சக்காச்சல் ஊசி போடணும்னு மச்சான் சொல்லுதானே?"

"இந்தியாவுலேர்ந்து போறவாளுக்கு அவசியமே இல்லை" என்றேன், மச்சானுக்காகப் பரிதாபப்பட்டபடி.

போன வேலை முடிந்து வியாழக்கிழமை பம்பாயில் வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து ஊசி போடாமல் வந்தவர் என்று விமான நிலையத்திலிருந்தே தனிமை விடுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திங்கட்கிழமைதான் விடுவார்களாம்.

நான் எல்லா நாட்டு நுழைவு விதிகளும் அடங்கிய என் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

"ரூல் என்னன்னு தெரியுமா?"

"தெரியும் சாப். அதனாலதான் அவர் உள்ளே இருக்கார்" என்ற சுகாதார அதிகாரி, என் புத்தகத்தையே வாங்கி இந்தியா பக்கத்தைத் திறந்து நீட்டினார். மற்ற நாடுகளின் பக்கமெல்லாம் என் விரல் பட்டுக் கறுத்திருக்க, அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. சொந்த நாட்டுக்குள் நுழையவும் விதி உண்டு என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

ஞாயிறு காலை, கொசுவலை அடித்த ஜன்னலுக்கு வெளியே மாப்பிள்ளையும் நிக்காஹ் நடத்திவைக்கும் லெப்பையும் சாட்சிகளும் நின்றார்கள்.

"கொசுவே உள்ள வரமுடியல, மருமவன் கையைப் பிடிச்சுப் பொண்ணை எப்படிக் கொடுக்க?" என்றார் காதர் பாய்.

"கை தொடணும்னு கட்டாயமில்ல பாய். சம்மதத்தைச் சத்தமாச் சொல்லுங்க, போதும்" என்றார் லெப்பை.

காதர் பாய் வாய் திறக்கும்போதெல்லாம் தலைக்கு மேல் ஒரு விமானம். மூன்றாவது தடவை கத்தியதுதான் வெளியே கேட்டது. நான் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"ஏன் சார் மறைஞ்சு நிக்கிய? எல்லாம் உங்க ஏற்பாடுதான, முன்னால வாங்க!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கூப்பிட்டார் காதர் பாய்.

அன்றைய கல்யாணப் பெண் இப்போது பாட்டியாகிவிட்டாள். அந்த வீட்டில் யாராவது பக்கத்திலிருக்கும் டோம்பிவிலிக்குக் கிளம்பினால்கூட அவள்தான் சொல்லி அனுப்புகிறாள்: "போறதுக்கு சார்ட்ட கேளு. வாரதுக்கு வேற யார்ட்டயாவது கேட்டுக்கோ."