மஞ்சள் (ஒரு கிழங்கு)

மஞ்சள் என்றால் என்னவென்று ஈரோட்டுக்காரர்களுக்கே சொல்லிக் கொடுக்கத் துணிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பிராக்கெட் அண்ணன்.

என் கணவர் இப்போதெல்லாம் காலையில் கணினியில்தான் செய்தி படிக்கிறார். படிக்கிறார் என்பதைவிட மல்லுக்கட்டுகிறார் என்பதே சரி. அம்புக்குறி ஏதாவது ஒரு சொல்லின் மேல் பட்டால் போதும், குட்டிப் பெட்டி ஒன்று குதித்து வந்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்கிறது. படித்துக்கொண்டிருந்த வரி அதற்கடியில் மறைந்துவிடுகிறது. பட்ஜெட் என்றால் என்னவென்று இவனிடம் நான் கேட்டேனா என்று அவர் எரிந்து விழுவார். எனக்குச் சிரிப்புதான் வரும். தொண்ணூறுகளிலேயே இந்தப் பெட்டியை மனித உருவில் பார்த்தவள் நான். அது வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

அப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு மாலைப் பத்திரிகையில் கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கும் வேலையில் இருந்தேன். பிராக்கெட் அண்ணன் அங்கே உதவி ஆசிரியர். பஞ்சாலையில் வேலை பார்த்து, மாலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கி, பத்திரிகைக்கு வந்தவர். அவருடைய உண்மையான பெயர் சம்பளம் போடும் கேஷியருக்கு மட்டும் தெரியும். நிருபர்கள் எழுதிக் கொடுப்பதைத் திருத்தித் தருவதுதான் அவர் வேலை. அவர் திருத்தினால் செய்தி குறையாது, வளரும். கொஞ்சம் கடினமாகத் தோன்றும் எந்தச் சொல்லுக்குப் பக்கத்திலும் ஓர் அடைப்புக்குறி போட்டு அர்த்தம் எழுதிவிடுவார். எளிதான சொல்லுக்கும் எழுதுவார், யாருக்காவது அது கடினமாக இருந்துவிட்டால்?

என் விசைப்பலகையில் அந்த இரண்டு அடைப்புக்குறிச் சாவிகளிலும் எழுத்து தேய்ந்து மொட்டையாகிவிட்டது. பழுது பார்க்க வந்தவர், நான் பத்திரிகை அடிக்கிறேனா கணக்குப் புத்தகம் அடிக்கிறேனா என்று சந்தேகப்பட்டார்.

டீக்கடையிலும் மனிதர் அப்படித்தான். டீ சொல்வார், சர்க்கரை கம்மி என்பார். கடைக்காரர் திரும்புவதற்குள், கம்மி என்றால் போடாமல் விட்டுவிட வேண்டாம், போட வேண்டும், ஆனால் போட்டது தெரியக் கூடாது என்று விளக்குவார். கடைக்காரர் அவர் தலை தெரிந்ததுமே டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார், வாயைத் திறக்க விடாமல்.

ஈரோட்டு மஞ்சள் விலை சரிந்த செய்தி ஒருநாள் வந்தது. அண்ணன் சிவப்புப் பேனாவை எடுத்து, மஞ்சளுக்குப் பக்கத்தில் ‘ஒரு கிழங்கு, சமையலுக்கும் பூசிக் குளிக்கவும் உதவும்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதினார். அடுத்த நாள் ஈரோட்டிலிருந்து போன் மேல் போன். விலை சரிந்த வருத்தமெல்லாம் அவர்களுக்கு மறந்தே போயிருந்தது. பரம்பரையாக மஞ்சள் மண்டி வைத்திருக்கும் ஒருவர், தன் வீட்டுக்கு வந்தால் அந்தக் கிழங்கைக் காட்டத் தயார் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

கிரிக்கெட் செய்தியில் எல்பிடபிள்யூவை விளக்கப் புகுந்தவர், காலில் ஆரம்பித்து ஸ்டம்புக்கு வந்து சேர்வதற்குள் பத்தி முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்ற கடைசி வரியை வெட்டிவிட்டுத்தான் செய்தியைப் பக்கத்தில் அடக்க முடிந்தது. அன்று மாலை கோவை நகரம் முழுவதும் எல்பிடபிள்யூவைத் தெளிவாகப் புரிந்துகொண்டு, முடிவு தெரியாமல் தூங்கப் போனது.

இதையெல்லாம்கூட வாசகர்கள் பொறுத்தார்கள். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு பெரியவர் தவறிப்போனபோதுதான் விஷயம் முற்றியது. மகன்கள் கொடுத்த விளம்பரத்தில், ‘இயற்கை எய்தினார்’ என்று இருந்தது. அண்ணன் பக்கத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று போட்டுவிட்டார். காசு கொடுத்துப் போடும் விளம்பரத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அண்ணன் வைத்தார்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த கையோடு மகன்கள் இரண்டு பேரும் மொட்டைத் தலையோடு ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். அடிதான் விழப்போகிறது என்று நான் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டேன்.

“ஏனுங்க, எங்கப்பா போய்ச் சேந்தது எங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றார் மூத்தவர்.

“உங்களுக்குத் தெரியுமுங்க,” என்றார் அண்ணன், எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு. “படிக்கிறவங்களுக்குத் தெரியோணுமல்லங்க. இயற்கை எய்தினார்னா, ஊட்டிக்குப் போயிட்டாருன்னு யாராச்சும் நெனச்சுப்போட்டா என்ன பண்றதுங்க?”

இளையவருக்கு உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். அடக்க அடக்கச் சிரிப்பு பெரிதானது. அப்பாவுக்கு ஊட்டி என்றால் உயிர், பண்ணையை விட்டுவிட்டுப் போக முடியாமலே இருந்துவிட்டார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூத்தவர் முறைத்துப் பார்த்தார். பிறகு அவரும் உட்கார்ந்து டீ குடித்தார். போகும்போது அண்ணனிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்கள்.

ஆனால் ஆசிரியர் சிரிக்கவில்லை. எங்கள் ஆசிரியர் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும் மனிதர். ‘வாப்பா’ என்றால் சந்தோஷமாக இருக்கிறார். ‘வாங்க’ என்றால் சாதாரணம். ‘வாங்க சார், உக்காருங்க சார்’ என்றால் வீட்டுக்கு அனுப்பப் போகிறார். அன்றைக்கு ‘வாங்க சார்’ வரைக்கும் வந்துவிட்டார், ‘உக்காருங்க சார்’ மட்டும்தான் பாக்கி. இனிமேல் ஓர் அடைப்புக்குறிகூடத் தன் கண்ணில் படக் கூடாது. பட்டால் அண்ணன் மறுநாள் வர வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அன்று டீக்கடையில் அண்ணன் சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரரே பயந்துபோய் என்னைப் பார்த்தார். எதற்காக இப்படிப் பிடிவாதமாக எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று நான் கேட்டேன்.

“மில்லுல இருந்தப்ப பேப்பர்ல போட்டிருந்தாங்க அம்மணி, எங்க மில்லு கதவடைப்புன்னு. கதவைத்தான அடைச்சிருக்காங்க, தட்டுனா தொறப்பாங்கன்னு நெனச்சுப்போட்டேன்.”

விடிகாலை ஷிப்டுக்குச் சோற்றுத் தூக்குப்போசியோடு போய், பூட்டிய இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறார். உள்ளே இருந்த வாட்ச்மேன் முதலில் சிரித்திருக்கிறார். பிறகு, வேலை போய்விட்டதுகூடத் தெரியாமல் வந்து நிற்கிறானே என்று அவரே மனமிரங்கி வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு பீடியை நீட்டியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். கதவைத் தட்டும் மாதிரி நடித்துக் காட்டினால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

தடை போட்டபின் பத்திரிகை சுத்தமாக வந்தது. அண்ணன்தான் வாடிப்போனார். பேனாவை மூடி மூடித் திறப்பார். காந்திபுரம் பஸ்ஸில் யாராவது எங்கள் பத்திரிகையைப் பிரித்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கேட்காமலே வாயால் விளக்க ஆரம்பித்தார். ஒருவர் பத்திரிகையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டாராம்.

அப்படியிருக்கும்போதுதான் தண்ணீர் அறிவிப்பு வந்தது. பராமரிப்புப் பணிகளை முன்னிட்டு மறுநாள் குடிநீர் விநியோகம் மட்டுப்படுத்தப்படும் என்று ஒரே வரி. அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடினார். மட்டுப்படுத்தப்படும் என்றால் தண்ணீர் வருமா வராதா என்று கேட்டார். எல்லோருக்கும் புரியும் என்றார் ஆசிரியர். எனக்கே புரியவில்லையே என்றார் அண்ணன். அறிவிப்பு கொடுத்தவர்களுக்குப் போன் செய்தார். அங்கே எடுத்தவர் அதே வரியை இன்னொரு முறை நிதானமாகப் படித்துக் காட்டினார்.

அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். என்னைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னார். ஒற்றை விரலால் அவரே தட்டினார். நான் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடைப்புக்குறிக்குள், ‘தண்ணீர் வராது; இப்போதே பிடித்து வையுங்கள்’ என்று பத்திரிகை அச்சேறியது.

அன்று மாலை கோயம்புத்தூரில் நிரப்பாத பாத்திரம் இல்லை. மறுநாள் காலை சிறுவாணித் தண்ணீர் வந்தது. அப்படி ஒரு வேகத்தில் அந்த ஊர்க் குழாய்களில் அதற்கு முன் தண்ணீர் வந்ததே இல்லை. வந்த தண்ணீரைப் பிடிக்க ஒரு வீட்டிலும் ஒரு சொம்புகூடக் காலி இல்லை.

ஆபீஸ் போன் ஓயவில்லை. ஓர் அம்மா கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. “ஏனுங்க, குக்கர்லயும் தண்ணி, இட்லிக் குண்டாவுலயும் தண்ணி. நாங்க சோறு எதுல ஆக்குறதுங்க?”

அண்ணன் வரும்போதே தயாராக வந்திருந்தார். மேசையில் இருந்த தன் டம்ளரைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து ஆசிரியரின் குரல் கேட்டது.

“வாங்க சார். உக்காருங்க சார்.”

நாங்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டோம். கதவு பாதி திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

“எங்கூட்டுல எல்லாக் குண்டாவும் ரொம்பிக் கெடக்குதுங்க,” என்றார் ஆசிரியர். “ஷேவிங் மக்குல வரைக்கும் தண்ணி.”

“மன்னிச்சுப்போடுங்க சார். நான் வாரேனுங்க.”

“இருங்க. அந்த அறிவிப்பைப் படிச்சுச் சரின்னு சொன்னவன் நானுங்க. ஆனா சாயங்காலம் ஊட்டுல பேப்பரைப் பிரிச்சா, உங்க பிராக்கெட்டைத்தான் நம்புனேன். அதைப் பாத்துத்தான் எங்கூட்டு அம்மணிகிட்ட ரொப்பி வெக்கச் சொன்னேன். அப்ப மீதிப் பேப்பரை நான் யாருக்காகங்க நடத்துறேன்?”

கடைசியில் ஒரு ராஜி ஏற்பட்டது. ஓர் இதழுக்கு ஓர் அடைப்புக்குறி. எங்கே வேண்டுமானாலும் போடலாம், ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. அண்ணன் டம்ளரை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். அன்றைய இதழிலேயே தவறுக்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. தன் முதல் அடைப்புக்குறியை அண்ணன் அதற்குத்தான் செலவு செய்தார். ‘வருந்துகிறோம்’ என்று போட்டு, பக்கத்தில், ‘தண்ணீர் வந்ததற்காக அல்ல’ என்று எழுதினார்.

அதன்பிறகுதான் எங்கள் ஆபீசில் கொண்டாட்டம் ஆரம்பித்தது. காலையிலிருந்து அண்ணன் அந்த ஒரே அடைப்புக்குறியைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பார். சட்டசபையில் போடலாமா, சந்தை நிலவரத்தில் போடலாமா என்று பக்கம் பக்கமாக அலைவார். எந்தச் சொல்லில் விழும் என்று நாங்கள் தேங்காய் பன்னுக்குப் பந்தயம் கட்டுவோம். நிருபர்களுக்கு ஒரு வீம்பு வந்தது. தன் செய்தியில் அண்ணனுக்கு ஒரு சொல்லும் கிடைக்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் தேடித் தேடி எளிதாக எழுத ஆரம்பித்தார்கள். ‘மட்டுப்படுத்தப்படும்’ எழுதியவன் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். ‘நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’ என்று எழுதிவிட்டு, அண்ணன் வருவதற்குள் அழித்த நிருபரை நான் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்கள் இப்படி ஓடின. பிறகு கொடுமுடியில் மகன் கடை வைத்ததும் அண்ணன் அங்கே போவதென்று முடிவானது. கடைசி நாளில் ஆசிரியர் அவரை ‘வாப்பா’ என்று கூப்பிட்டார். இன்றைக்கு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், மஞ்சளுக்குக்கூடப் போடலாம் என்று சொல்லி, எல்லாப் பக்கங்களின் புரூப்பையும் அவர் கையில் கொடுத்தார்.

அண்ணன் சிவப்புப் பேனாவோடு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். அச்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து ராசிபலன் வரை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனார். பிறகு எழுந்து வந்து புரூப்புகளை என் மேசையில் வைத்தார். புரட்டிப் பார்த்தேன். ஓர் இடத்திலும் சிவப்பு இல்லை.

“ஒரு வார்த்தைகூடச் சிக்கலீங்க அம்மணி,” என்றார். “எல்லாருமாச் சேந்து நல்லா ஏமாத்திப்போட்டீங்க.”

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் அச்சுக்கூடத்திலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்.

அன்று மாலை எங்கள் பத்திரிகை ஓர் அடைப்புக்குறிகூட இல்லாமல், படித்தால் சட்டென்று புரிகிற மாதிரி வெளிவந்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.