விசேஷக் கட்டத்தில் விழுந்த கிரகம்

ஒரு புத்தகம் பிடித்துவிட்டால் அதை அடுத்தவர் கையில் திணிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. இது ஒரு வியாதி என்று இப்போது தெரிகிறது. இருபத்து நான்கு வயதில் இதைச் சமூக சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்தேன். தினசரி காலண்டர்தான் எங்கள் கம்பெனியின் முக்கியச் சரக்கு. வீடு எம். புதுப்பட்டியில். அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அம்மாவும் அங்கேயே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்து, முதுகுவலி வந்ததும் நின்றுகொண்டவர்.

வியாதியின் கிருமி பழைய பேப்பர் கட்டு ஒன்றில் வந்தது. எங்கள் பக்கம் லாரி லாரியாக வந்து இறங்கும் பழைய தாளெல்லாம் கடைசியில் வெடிக்குக் குழாயாகிவிடும். பைண்டிங் பிரிவில் இருந்த என் தோழி முத்துமாரி, அப்படிக் குழாயாகப் போக இருந்த ஒரு நாவலை இழுத்துக் காப்பாற்றினாள். அட்டை இல்லை. முதல் பாரம், அதாவது முதல் பதினாறு பக்கமும் இல்லை. எழுதியவர் யார், எந்த நாட்டுக்காரர், தமிழில் தந்தவர் யார், ஒன்றும் தெரியாது. பழைய காலத்து விஞ்ஞானக் கதை என்பது மட்டும் தெரிந்தது.

கதை நடப்பது வேறொரு கிரகத்தில். அங்கே ஒருவரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம். கேட்டால் ஆறு மாதம் ஓட்டுப் போட முடியாது. நாட்டை ஆள ஆசைப்படுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஒரு வருடம் பொதுப் பந்தியில் பரிமாறியிருக்க வேண்டும். பரிமாறியபோது யாருக்காவது குழம்பு எட்டவில்லை என்று புகார் வந்தால் பதவி கிடையாது. (இதைப் படித்த அன்று நானும் முத்துமாரியும் பஸ்ஸைத் தவறவிட்டோம். அடுத்த பஸ்ஸையும்.)

இரண்டே பேர் கொண்ட வாசகர் வட்டம் ஒன்றை உடனே தொடங்கினோம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்திலிருந்த எல்லோருக்கும் அந்தக் கிரகத்தைப் பற்றிச் சொன்னேன். நான் தூக்குச்சட்டியோடு வருவதைப் பார்த்தாலே ஆட்கள் இடத்தை மாற்றிக்கொள்ளும் அளவுக்குச் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். காலண்டர் தாளின் அடியில் ஒரு வரி பொன்மொழி வருமே, அதில் பத்து வருடமாக ஒன்றையேதான் திருப்பித் திருப்பிப் போடுகிறோம் என்று கடைக்காரர்கள் குறைப்படுகிறார்களாம். புதிதாக ஏழெட்டு வரி தேடிப் போடச் சொன்னார். நான் தேடவே இல்லை. ஏழு வரிகள் என் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு கோப்பில் தயாராக இருந்தன. எல்லாம் அந்தக் கிரகத்துச் சட்டங்கள். தை, மாசியில் வரும் ஏழு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அவற்றை இறக்கினேன். ஊர் உலகமெல்லாம் காலையில் எழுந்து என் நாவலின் முகத்தில் விழிக்கப் போகிறது என்று நினைக்க நினைக்கப் பெருமை தாங்கவில்லை.

சீசன் நேரம், தலைக்கு மேல் வேலை. தாளில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றையும் ஜோசியர் வந்து வரி வரியாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மற்றவை என் பொறுப்பு. என் பொறுப்பை நான் எப்படி நிறைவேற்றினேன் என்றால், ஏழு வரிகளையும் பொன்மொழிக் கட்டத்தில் போடாமல், அதற்கு மேலே இருந்த கட்டத்தில் போட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தின் தலைப்பு ‘விசேஷம்’. தேரோட்டம், கொடியேற்றம், பிரதோஷம் எல்லாம் வருகிற இடம்.

லோடு லோடாகக் காலண்டர் போய்ச் சேர்ந்தது. சாத்தூரில் ஒரு மளிகைக்கடைக்காரர் தன் பெயர் போட்டு வாங்கிச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கொடுத்தார். எங்கள் வீட்டிலும் அதுதான் தொங்கியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தாளைக் கிழித்துவிட்டுச் சத்தமாகப் படித்தார். “விசேஷம்: ஆள விரும்புவோர் முதலில் பந்தியில் பரிமாற வேண்டும்.” கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அப்பாவிடம் அகப்பையைக் கொடுத்து, “என்ன விரதமோ தெரியல. எதுக்கும் இன்னைக்கு நீங்களே சோத்தப் போடுங்க” என்றார். அப்பா மறுபேச்சில்லாமல் போட்டார். வரிகளைத் தப்பான கட்டத்தில் போட்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். எதிர்வீட்டில் பிள்ளை பிறந்திருந்தது. பார்க்கப் போன பெண்கள் ஒருவர்கூட என்ன குழந்தை என்று கேட்கவில்லை. கேட்டால் ஆறு மாதம் ஓட்டு இல்லை என்று காலண்டரே சொல்லியிருக்கிறதே. எல்லோரும் கண்ணாலேயே தேடிவிட்டு, “பிள்ளை நல்லாருக்கு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்களுக்கு ஒரே வருத்தம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையின் வரி எனக்கு மனப்பாடம். “விருந்தினர் வரும் வீட்டில் ஆண்களே சமைத்துப் பரிமாறுவர், பெண்கள் அமர்ந்து நாட்டு நடப்பு பேசுவர்.” அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

வரப்போகிறவர் பெயர் சரவணகுமார். சூலக்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வீட்டார் சம்மதத்தோடு ஒருமுறை போனில் பேசியிருந்தோம். என்ன படிப்பீர்கள் என்று கேட்டார். கேட்டவர் பிழைத்தாரா? முக்கால் மணி நேரம் அந்தக் கிரகத்தைச் சுற்றிக் காட்டினேன். முடிவில் அவர் கேட்டது ஒன்றுதான்: “குழம்பு எட்டலைன்னு யாரும் பொய்ப் புகார் குடுத்தா என்ன செய்வாக?” அதுவரை என்னிடம் யாரும் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை. அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆகவே இந்தச் சம்பந்தம் கெட்டுவிடக் கூடாது. நான் செய்த காரியம் தெரிந்தாலோ வேலையும் போகும், சம்பந்தமும் போகும். எங்கள் வீட்டுக் காலண்டரிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளை முந்தின நாள் இரவே கிழித்து ஒளித்தேன். உலகத்திலேயே ஒரே ஒரு காலண்டர்தான் இருக்கிறது என்பது போல அப்படி ஒரு நிம்மதி.

காலை பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தரகர். மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மாள் அத்தை காலண்டரைப் பார்க்காமல் தலைக்குக்கூடக் குளிக்காதவர் என்று தரகர் முன்பே சொல்லியிருந்தார். நான் பலகாரத் தட்டோடு வாசற்படியைத் தாண்டுகிறேன், அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். பர்ஸைத் திறந்தார். நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். எங்கள் அச்சகத்துத் தாளை ஐம்பதடி தூரத்திலிருந்தே எனக்கு அடையாளம் தெரியும்.

“தப்பா நினைக்காதீக மதினி” என்று என் அம்மாவிடம் சொன்னார். “இன்னைக்கு ஆம்பிளைக தான் சமைச்சுப் பரிமாறணும்னு போட்டிருக்கு. நல்ல காரியம் பேச வந்த இடத்துல எதுக்கு வம்பு?”

அம்மா எங்கள் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே திங்கட்கிழமை தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அத்தை சொன்னதோ விசேஷம், மீற முடியுமா? செய்துவைத்த பலகாரத்தையெல்லாம் மூடிவிட்டு அம்மா ஆண்கள் நாலு பேரையும் அடுப்படிக்கு அனுப்பிவிட்டார். சரவணகுமார் என்னைக் கடந்து போகும்போது மெதுவாக, “இது உங்க கிரகத்துச் சட்டம்தானே?” என்றார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் தரையைப் பார்த்தேன். பார்க்கிறவர்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதற்குமுன் அடுப்புப் பற்றவைத்தே அறியாத என் அப்பா, அடுப்படியைப் பார்த்ததும் அதைப் பட்டாசுக் கம்பெனியின் ஓர் அறை என்று முடிவு செய்துவிட்டார். வாசலில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் வந்தன. மாப்பிள்ளையின் பளபளப்பான சட்டையில் தீப்பொறி கிளப்பும் நைலான் கலந்திருப்பதாகச் சந்தேகப்பட்டு அதைக் கழற்றச் சொல்லி, தன்னுடைய காக்கிப் பருத்திச் சட்டையைக் கொடுத்தார். காபித்தூளையும் சீனியையும் எடைபோட்டு, உராய்வு வராமல் உள்ளங்கையால் தடவித் தடவிச் சல்லடையில் சலித்தார். அடுப்பை மின்மினிப்பூச்சி அளவுக்குமேல் எரிய விடவில்லை. பஜ்ஜியைக் கை நீட்டும் தூரத்திலிருந்துதான் போட வேண்டும் என்பது உத்தரவு. நிலைமையைப் பார்க்கச் சகிக்காமல் நான் உள்ளே போகப் பார்த்தேன். அப்பா வாசலை மறித்தார்.

“நாலு பேர் ஆயிருச்சு. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாது. அஞ்சாவது ஆளா வந்தா நான் வேலைய நிப்பாட்டிருவேன்.”

(நானாவது பரவாயில்லை. மாப்பிள்ளையின் வயதான அப்பா, வெளியே போக வேண்டும் என்று இரண்டுமுறை கேட்டும், அடுப்பு அணைந்த பிறகுதான் விடுவேன் என்று என் அப்பா சொல்லிவிட்டார்.)

கூடத்தில் அத்தை, அம்மா, நான். தாளில் இருந்த மீதிச் சட்டத்தையும் அத்தை விடுவதாக இல்லை. “சரி, நாட்டு நடப்பு பேசுவோம்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது என்று ஆரம்பித்துவைத்தார். அதை ஏன் யாரும் கேட்பதில்லை என்றார். அத்தை சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

“எங்க ஊருல நான்தான் வார்டு மெம்பர்” என்றார் திடீரென்று. “மூணு வருசமாச்சு. கூட்டத்துக்கெல்லாம் எங்க வீட்டுக்காரவுகதான் போவாக. அந்த ரூமுக்குள்ள நான் ஒரே ஒரு தடவ போயிருக்கேன். அதுவும் டீ குடுக்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதமாக ஊரில் எல்லோரிடமும் அந்த நாவலைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தேனே, அதில் நான் படித்தது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிறகு அத்தை நிறுத்தவே இல்லை. எந்தத் தெருவில் குழாய் உடைந்திருக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை, பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கு ஏன் கதவு இல்லை, எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். கேட்க ஆள்தான் இல்லாமல் இருந்திருக்கிறது.

அடுப்படியிலிருந்து பஜ்ஜி வந்தது. மேலே எண்ணெய், உள்ளே பச்சை வாழைக்காய். காபி வெதுவெதுப்பாக, ஆனால் அளவு பிசகாமல் இருந்தது. காக்கிச் சட்டையில் சரவணகுமார் ஒவ்வொருவருக்கும் பரிமாறிவிட்டு, “எல்லாருக்கும் எட்டுச்சா?” என்று கேட்டார். புகார் வரக்கூடாதே.

அத்தைக்கு அப்படி ஒரு திருப்தி. தாளை மறுபடியும் விரித்து என்னிடம் நீட்டினார். “ஏம்மா, நீ காலண்டர் கம்பெனியிலதான இருக்க. இது எந்தக் கோயில் வழக்கம்? இருக்கன்குடிக் கோயில்லகூட இப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதில்லையே. அடுத்த வருசமும் இதே நாள்தானா?”

வடக்கே ஏதோ ஒரு கோயில் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய்வரை வந்தது. ஆனால் டீ கொடுக்கப் போன கதையைச் சொன்ன அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. பழைய பேப்பர் கட்டில் தொடங்கித் தப்பான கட்டம்வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மா என் இடுப்பில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. அப்பா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தரகர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அத்தை தாளில் இருந்த வரியை இன்னொரு முறை படித்தார். “அப்ப சாமி சொன்னதில்ல?”

“இல்லத்தே.”

“மனுசங்க எழுதுனதுதானா?”

“ஆமாத்தே. கதை.”

“அப்படின்னா ரொம்ப நல்லதாப் போச்சு” என்றார். “சாமி சொன்னதுன்னா வருசத்துக்கு ஒரு நாள் செஞ்சுட்டு விட்ருவாக. மனுசங்க சொன்னதுன்னா தினமும் செய்யச் சொல்லலாம்.”

அதைக் கேட்டு முதலில் சிரித்தது அவருடைய கணவர்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றதையும் நான் பார்த்தேன். அடுத்த கூட்டத்துக்கு அத்தை தானே போனார் என்று பிற்பாடு தெரிந்தது.

மறுநாள் அண்ணாச்சியிடம் நானே போய் ஒப்புக்கொண்டேன். கடைக்காரர்கள் ஏற்கெனவே போன் போட்டுக் கேட்டிருந்தார்கள். அவரும் சமாளிக்கத் தெரியாமல் பழைய வழக்கம் என்று சொல்லிவைத்திருக்கிறார். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி வாங்கிப் பூட்டிக்கொண்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டு, “இதுல முதல் பாரம் எங்க?” என்று கடுகடுப்பாகக் கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு வந்த கோபம், விசேஷக் கட்டத்துக்கு வந்ததைவிடப் பெரிது. வேலை போகவில்லை. ஆனால் ஒரு வருடம் பட்டாசு லேபிள் பிரிவுக்கு மாற்றிவிட்டார். ‘பெரியவர்கள் துணையோடு வெடிக்கவும்’ என்பதில் யாராலும் கிரகத்தை நுழைக்க முடியாது அல்லவா? இன்றைக்கும் நான் தொட்ட காலண்டர் தாளை மூன்று பேர் பார்த்த பிறகுதான் அச்சுக்கு விடுகிறார்கள்.

கல்யாணம் அந்த ஆவணியிலேயே நடந்தது. அண்ணாச்சி படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்த நாவல் இப்போது அத்தையிடம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளைத்தான் பக்க அடையாளமாக வைத்திருக்கிறார்.

போன வாரம் என் அப்பா அம்மா வந்திருந்தார்கள். கூடத்தில் அத்தை என் அம்மாவோடு பஞ்சாயத்துத் தேர்தலைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து அலுத்து வந்த என் வீட்டுக்காரர் சுவரைக் காட்டி, “இன்னைக்குக் காலண்டர்ல விசேஷம் ஒண்ணும் போடலையே” என்று நைசாக நழுவப் பார்த்தார்.

அத்தை பேச்சை நிறுத்தக்கூட இல்லை. “போடலைன்னா அது பிரிண்டிங் மிஸ்டேக். நீ போய்க் காபியக் கொண்டா.”

அப்பா எழுந்து, மணல் வாளி எங்கே என்று தேடப் போனார்.