அப்புத்தளைக்கு வைத்த முள்

இரண்டு வருடம் ஒரு நாள்கூட விடாமல் புயலுக்காகக் காத்திருந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பெரிய கிளாக்கர். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் நான் அவருக்குக் கீழே சின்னக் கிளாக்கர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் அவரைப் புயலய்யா என்றே சொல்வார்கள்.

எல்லாம் ஒரு பாரமானியால் வந்த வினை. காற்றின் அமுக்கத்தைக் காட்டும் அந்த வட்டப் பெட்டியைப் பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்கி வந்து வீட்டுச் சுவரில் மாட்டினார். முள் நேரே 'புயல்' என்ற எழுத்தையும் தாண்டிக் கீழே போய்ப் படுத்தது. அன்றே கூரையைக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். சுள்ளென்ற வெயிலிலும் குடையோடுதான் ஆபீசுக்கு வருவார்.

"ரெண்டு வருஷமா என் சீலையெல்லாம் அடுப்பு மேலதான் காயுது. ஒண்ணு அந்தப் புயல் வரணும், இல்ல அந்தப் பொட்டி போகணும்" என்று அவர் மனைவி என்னிடமே முறையிட்டார்.

கடைசியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானாவோடு சண்டை போட ரயிலேறினார். துணைக்கு நான். பண்டாரவளை தாண்டி ரயில் இறங்க இறங்க முள் மெல்ல ஏறியது. ஐயா துள்ளிவிட்டார்.

"பாத்தியா தம்பி! புயல் மேலயே நின்னுருச்சு. நாம தப்பிச்சிட்டோம்!"

எதிரே இருந்தவர் அவசரமாக ஜன்னலைச் சாத்தினார்.

நானா சிரித்தார். "ஐயா, இது கடல் மட்டத்துக்கு வச்ச முள்ளு. மலைக்கு மேல போகப் போக அமுக்கம் குறையும், முள்ளும் இறங்கும். ரேடியோவில சொல்ற கடல்மட்ட அளவைக் கேட்டு, உங்க வீட்டுல வச்சே பின்னால இருக்கிற திருகாணியத் திருப்புங்க."

வீட்டுக்கு வந்ததும் திருப்பினார். முள் 'நல்ல வானிலை'யில் நின்றது. மறுநாள் முதல் தடவையாகக் குடையில்லாமல் வந்தார். சாயங்காலம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. தொப்பலாக நனைந்தும் மனிதர் அசரவில்லை.

"முள்ளு சரிதான் தம்பி. மழைதான் தப்பு."

அப்புறம், பாட்டன் பூட்டன் அங்கிருந்து வந்தவர்களென்று, இந்தியாவுக்குப் போகச் சொல்லி அரசாங்கத்திடமிருந்து அவருக்குக் கடதாசி வந்தது. பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுப் போக யாருக்கு மனசு வரும்? ஸ்டேஷனில் பாரமானி அவர் மடியில் இருந்தது.

"கீழ போனதும் திருகாணியத் திருப்பணுங்கய்யா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா, போடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில மாதம் கழித்து இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கடிதம் வந்தது.

"தம்பி, இங்க வீட்டுக்குப் பக்கத்துலயே கடல். முள்ளு எல்லா எழுத்தையும் தாண்டி வெறும் எடத்துல நிக்குது. பாக்கிறவங்கல்லாம் சிரிக்கிறாங்க. திருப்ப ஒரு நிமிஷம் போதும். மனசு வரல. அது அப்புத்தளைக்கு வச்ச முள்ளாச்சே."

ஆபீசென்றும் பாராமல் அழுதுவிட்டேன். உடனே பதில் எழுதினேன்: "ஐயா, இங்க ஒரே மழை. மழைதான் தப்பு. உங்க முள்ளு சரிங்க."