முதலில் சாப்பாடு, பிறகு பேட்டரி

கெனேஷ் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரியவில்லை. சாவியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி திருப்பினார். அப்போதும் எரியவில்லை. மகள் கல்யாணத்துக்கு மறுநாள் கொட்டகைக்குள் தள்ளிக் கம்பளி போர்த்திய மோட்டார் சைக்கிள், ஐந்து மாதக் குளிரைத் தூங்கிக் கழித்துவிட்டு, வசந்தப் புத்தாண்டான நோருஸ் திருநாள் காலையில் எழுந்திருக்க மறுத்தது.

வண்டியோடு இணைத்த பக்கத் தொட்டியில் கால்கள் கட்டப்பட்ட ஆட்டுக்கடா ஒன்று பயணத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தது.

"கல்யாணமாகி முதல் நோருஸ்," என்றாள் மனைவி பூர்மா. "மதியத்துக்குள்ள கடாவோட சம்பந்தி வீட்டுல போய் நிக்கலேன்னா நம்ம பொண்ணு அங்க தலை நிமிர முடியுமா?"

"முப்பது கிலோமீட்டர்தானே, போயிடலாம்."

"இதைத் தோள்ல தூக்கிட்டா?"

கேள்வி நியாயமானது. ஊரில் கார் வைத்திருந்தவர்கள் விடிவதற்குள் அவரவர் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள். கெனேஷின் குதிரை மந்தையோடு மலையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, காற்றில் கன்றிய முகத்தோடு ஓர் இடையர் வாசலில் வந்து நின்றார். முகம் கெனேஷுக்குத் தெரிந்தது, பெயர் வரவில்லை. கல்யாணத்துக்கு வந்த நானூறு பேரில் ஒருவர். கல்யாணத்தன்று கெனேஷ் எவ்வளவு குடித்தார் என்பது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. விருந்தாளியிடம் பெயர் கேட்பது அழகில்லை. சாப்பிடுவதற்கு முன் வந்த காரியம் கேட்பதோ அந்த வட்டாரத்தில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம்.

"கெனேஷ் அண்ணே, நான் வந்தது..."

"முதல்ல உள்ள வாங்க! டீ, ரொட்டி. பேச்சு எங்க ஓடிப்போகுது?"

விருந்தாளி கதவுக்கு எதிரே உயர்ந்த இடத்தில் உட்காரவைக்கப்பட்டார். கெனேஷ் வெளியே ஓடினார்.

பேட்டரி முனைகளைச் சுரண்டினார். வண்டி அசையவில்லை. அடுத்த வீட்டு இயற்பியல் வாத்தியார் ரிஸ்பெக் மீட்டரோடு வந்தார்.

"பன்னிரண்டு இருக்கணும். நாலு காட்டுது," என்றார்.

"சார்ஜ் போட்டா?"

போட்டார்கள். அது ஏறும்வரை ரிஸ்பெக்கைச் சும்மா உட்காரவைக்க முடியாது என்பதால் ஒரு கோழி உயிரை விட்டது. ஒரு மணி நேரத்தில் மீட்டர் பன்னிரண்டைத் தொட்டது. கெனேஷ் சந்தோஷம் தாங்காமல் ஹாரனை அழுத்தினார். அது ஒருமுறை முனகியது. மீட்டர் ஐந்துக்கு இறங்கிவிட்டது.

ரிஸ்பெக் மூடிகளைத் திருகிப் பார்த்தார். "உள்ள தகடெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துக் கிடக்கு. இது பத்து வருஷக் கிழம் அண்ணே."

"போன வசந்தத்துல வாங்கின புதுசுப்பா! குளிரு தின்னுடுச்சு."

"குளிருக்கு அவ்வளவு பசியா?"

"தள்ளிப் பார்ப்போம்!"

"அண்ணே, பேட்டரியில உயிரில்லேன்னா பொறி வராது. பொறி வராம எவ்வளவு தள்ளினாலும்..."

கெனேஷ் அதற்குள் தெருவில் நான்கு பேரைச் சேர்த்துவிட்டார். கடாவை இறக்க நேரமில்லை. அதையும் சேர்த்துத் தள்ளினார்கள். சேறு கலந்த பனியில் வண்டி வழுக்கி, வாய்க்காலில் போய்ப் படுத்தது. கடா கத்தியது.

தூக்க வந்தது ஊர்க்காரன் தாலாயின் டிராக்டர். வண்டி மேலே வந்ததும் தாலாய் பெருந்தன்மையாக, "என் டிராக்டர்லேர்ந்து கரண்ட் எடுத்துக்க அண்ணே," என்றான்.

கம்பியை மாட்டியவர் கெனேஷ். மாற்றி மாட்டினார். பட்டென்று ஒரு சத்தம், நீலப் புகை. டிராக்டர் பெருமூச்சு விட்டு வாசலை அடைத்தபடி நின்றுவிட்டது.

"இப்ப செத்தது ரெண்டு," என்றார் ரிஸ்பெக்.

தாலாய் முகத்தை இறுக்கிக்கொண்டு டிராக்டரிலிருந்து இறங்கினான்.

எல்லோரும் கை கழுவி உள்ளே வந்தார்கள். பேச்சு முழுக்க பேட்டரி. கதவுக்கு எதிரே இருந்த விருந்தாளி தொண்டையைக் கனைத்தார்.

"அந்த பேட்டரி விஷயமாத்தான் நானும்..."

"சே சே! விருந்தாளியை வேலை வாங்கற வீடா இது? நீங்க இன்னும் ஒரு வாய்கூட ஒழுங்கா சாப்பிடல."

பூர்மா கணவரை அடுப்படிக்கு இழுத்தாள். "ரெண்டாவது கோழியும் போச்சு. தள்ளினவங்க நாலு பேரு, டிராக்டரை இழந்தவன், வாத்தியாரு, பேரு தெரியாத அந்த மனுஷன். வெறும் ரொட்டியோட அனுப்பினா ஊரு சிரிக்கும்."

"மத்த ஆடெல்லாம் மலையில இருக்கே."

"எல்லாம் இல்ல."

கெனேஷ் ஜன்னல் வழியே பக்கத் தொட்டியைப் பார்த்தார். கடாவும் அவரைப் பார்த்தது. மணி ஒன்று தாண்டிவிட்டது. இனி வண்டி கிளம்பப்போவதில்லை, அவர்களும் சம்பந்தி வீட்டுக்குப் போகப்போவதில்லை. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் கத்தியை எடுத்தார்.

மூன்று மணி நேரம் கழித்து இறைச்சி வந்தது. முறைப்படி ஆட்டுத் தலை, முதல் மரியாதையாக, விருந்தாளிக்கு. தாலாய்க்குத் தொடை எலும்பு. அதைக் கடித்தபின் அவன் முகம் கொஞ்சம் இளகியது. சாறு வரை குடித்து, எல்லோரும் கைகளை முகத்தில் தடவிப் பிரார்த்தித்தார்கள். மானம் போனாலும் மரியாதை தப்பிவிட்டது என்ற நிம்மதியோடு கெனேஷ் விருந்தாளியின் பக்கம் திரும்பினார்.

"இப்ப நிதானமா சொல்லுங்க. என்ன காரியமா வந்தீங்க?"

விருந்தாளி விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"பெரிசா ஒண்ணுமில்லண்ணே, கல்யாணத்தன்னிக்கு, 'மலைக்குடிசையில விளக்கு எரியட்டும்'னு உங்க புது பேட்டரியைக் கழட்டி எனக்குக் கொடுத்துட்டு, என்னோட செத்ததை உங்க வண்டியில மாட்டிக்கிட்டீங்கல்ல, அந்த உங்க புதுசை நேத்து முழுக்க சோலார் தகட்டுல சார்ஜ் ஏத்தி எடுத்துட்டு வந்தேன், காலையிலேர்ந்து உங்க வாசல்ல என் பூட்ஸ் பக்கத்துலதான் இருக்கு."