டிஸ்ட்ரிபியூட்டருக்கு வைத்த பொட்டு

வீடியோ பார்த்து ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. முதல் வேலை நன்றாக முடிந்துவிட்டால் போதும், அடுத்து எது கெட்டுப்போகும் என்று வீட்டையே ஏக்கத்தோடு சுற்றிச்சுற்றி வருவோம். எனக்கு அந்த வியாதி மிக்சியில் தொடங்கியது. அப்புறம் வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு மோட்டார். மரக்காணத்துக்கு மருமகளாக வந்த புதிதில் "கலா கை வச்சா ஓடும்" என்று தெருவில் ஒரு பேச்சே இருந்தது. (இப்போதும் ஒரு பேச்சு இருக்கிறது. அது வேறு.)

என் மாமனாருக்கு உப்பளம் உண்டு, ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரும் உண்டு. எதன் மேல் பாசம் அதிகம் என்று கேட்டால் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வார். கார் அழகுதான். ஆனால் கிளம்பி நாலு தெரு தாண்டுவதற்குள் இருமத் தொடங்கிவிடும்.

"இன்ஜின் இருமுதுன்னா அது நம்மகிட்ட ஏதோ சொல்ல வருதும்மா" என்பார் மாமா.

"அது ஒண்ணேதான் சொல்லுது, என்னை விட்டுடுங்கன்னு" என்பார் அத்தை. என் மாமியாருக்கும் அந்தக் காருக்கும் ஆகவே ஆகாது. திண்டிவனம் போகும் வழியில் நடு ரோட்டில் பட்டுப்புடவையோடு அதைத் தள்ளியவர் அவர்.

குற்றவாளி யார் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற வட்ட டப்பாவுக்குள் 'பாயிண்ட்' என்று இரண்டு சின்ன உலோக முனைகள் இருக்கும். அவை தொட்டு விலகும்போதெல்லாம் இன்ஜினைப் பற்ற வைக்கும் பிளக்கில் பொறி பறக்க வேண்டும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் பூட்டே பொடிப்பொடியாக உதிரும், அந்த முனைகள் எம்மாத்திரம்? மாமா உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அவற்றைப் பாதியாக்கி வைத்திருந்தார்.

"மாமா, இதுக்கு எலக்ட்ரானிக் வந்துடுச்சு. தொடறது விலகறது எதுவும் கிடையாது. ஒரு காந்த வளையம், ஒரு கறுப்புக் கட்டி, ரெண்டு ஒயர். அவ்வளவுதான்" என்றேன்.

நேரமும் அப்படி அமைந்தது. மாமாவின் சிநேகிதர் காதர் பாய், உப்பு வியாபாரி. துபாயில் இருந்த அவர் மகன் இர்பானுக்குக் கோட்டக்குப்பத்தில் பெண் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை எங்கள் காரில்தான் போய் இறங்க வேண்டும் என்று பாய் கேட்க, மாமா மறுபேச்சில்லாமல் வாக்குக் கொடுத்துவிட்டார். அத்தை இடுப்பில் கை வைத்து நின்றார்.

"போகட்டும். ஆனா வழியில நின்னுச்சுன்னா, திங்கக்கிழமை அது காயலான் கடைக்குப் போவுது. சத்தியம் பண்ணுங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தைரியத்தில் அவர் சத்தியம் பண்ணினார். ஒரு மனிதருடைய மொத்த ஆசையும் என் தலையாட்டலில் தொங்கியது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வேலையை முடித்தேன். பாயிண்டைக் கழற்றினேன், வளையத்தை மாட்டினேன், ஒயர்களைச் சரியாகச் சேர்த்தேன். சாவியைத் திருப்பியதும் கார் தாய்ப்பால் குடித்த குழந்தை மாதிரி நிம்மதியாக ஓடியது. இருமல் இல்லை, விக்கல் இல்லை. மாமா பானெட் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தைகூட "ம்" என்றார். (அவர் அகராதியில் அது பத்மஸ்ரீ.)

அதோடு நான் கையைக் கட்டிக்கொண்டிருந்திருக்கலாம்.

மறுநாள் காலை குளித்து, பட்டுப்புடவை கட்டி, சாமி கும்பிடும்போது உறுத்தியது. வீட்டுக்குப் புதிதாக ஒரு பொருள் வந்திருக்கிறது, அதற்கு ஒரு பொட்டுகூட வைக்கவில்லையே! ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் தையல் மெஷினிலிருந்து தேங்காய் துருவி வரைக்கும் பொட்டில்லாமல் தப்பாது. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகிற பொருளை மூளியாகவா அனுப்புவது? சந்தனத்தை வழவழவென்று குழைத்தேன். குழாய்த் தண்ணீரில். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் சோறு வடித்தால் தனியாக உப்புப் போட வேண்டியதில்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்பக்கம் நடுவில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். சுற்றியிருந்த நாலு முனைகள் மட்டும் என்ன பாவம் செய்தன? அவற்றுக்கும் ஆளுக்கொன்று. கை கொஞ்சம் தாராளம். பொட்டும் பொட்டும் ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டன. மூடிவிட்டு ஒரு கும்பிடு போட்டேன்.

காதர் பாய் குடும்பமும் அத்தையும் என் வீட்டுக்காரரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரில் மாமா, பின்சீட்டில் வெள்ளை ஷெர்வானியும் முகம் மறைக்கும் பூச்சரமுமாக இர்பான், முன்சீட்டில் 'மெக்கானிக்' என்ற முறையில் நான், மடியில் ஸ்க்ரூடிரைவர்.

கிளம்பும்போதே லேசாகத் தும்மியது.

"காலை நேரம், குளிர் மாமா" என்றேன். (மே மாதம்.)

அனுமந்தை தாண்டும்போது 'டமால்' என்று ஒரு சத்தம். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கல்யாண வெடி என்று நினைத்துக் கை தட்டினார்கள். இர்பான் பாவம், அவர்களுக்குச் சலாம் வைத்தான். அடுத்த வெடிக்குச் சலாம் வைக்கவில்லை, சீட்டைப் பிடித்துக்கொண்டான். கோட்டக்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், நல்ல வெயிலில், கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. மாமா சாவியைத் திருப்பத் திருப்ப பேட்டரியும் கண்ணை மூடியது.

"கலா, திறந்து பாரும்மா."

"நீங்களே பாருங்க மாமா" என்றேன். எனக்கு அப்போதே ஏதோ தெரிந்துவிட்டது.

மாமா மூடியைக் கழற்றினார். பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். இர்பான் இறங்கி வந்து பூச்சரத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான். உள்ளே என் குங்குமம் ஜொலித்தது. முனைக்கு முனை கரிந்த கறுப்புக் கோடுகள் கிளை விட்டிருந்தன. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரமெல்லாம் உப்புத் தண்ணீரில் குழைத்த என் ஈரச் சந்தனத்தின் மேலேயே ஊர்வலம் போயிருக்கிறது.

"அக்கா," என்றான் இர்பான், "கல்யாணம் எனக்கா, இதுக்கா?"

மாமா தோள் துண்டால் தேய்த்தார். சந்தனம் போயிற்று, கறுப்புக் கோடு போகவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "திங்கக்கிழமை" என்று மட்டும் முணுமுணுத்தார்.

போன் அடித்தது. காதர் பாய். "எங்கண்ணே இருக்கீங்க? நிக்காஹ் ஓதுற ஹஜ்ரத் வந்து உக்காந்துட்டாரு!"

"வந்துட்டே இருக்கோம் பாய்" என்றார் மாமா, அசையாத கார் மேல் சாய்ந்துகொண்டு.

அப்போதுதான் ஐஸ் பேக்டரிக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. டிரைவர் நிறுத்தி, "ஏம்பா, மாப்பிள்ளையா? மூட்டை மேல ஏறிக்க, கொண்டாந்து வுட்டுடறேன்" என்றார்.

இர்பான் மூட்டையைப் பார்த்தான், ஷெர்வானியைப் பார்த்தான். மாமா குறுக்கே வந்தார். "இவன் இந்தக் கார்லதான் இறங்குவான். கயிறு இருக்கா?"

கயிறு இருந்தது. அந்த டிராக்டரில் கல்யாண மண்டபத்துக்கே போதுமான ஸ்பீக்கர்களும் இருந்தன. முன்னால் குத்துப்பாட்டு, நடுவில் உப்பு, பின்னால் ரோஜாப்பூ ஜோடித்த கார். பள்ளிவாசல் தெரு முனையில், "பாட்டை நிறுத்துங்கண்ணே!" என்று நான் ஜன்னல் வழியாகக் கத்திய கத்தலில்தான் கோட்டக்குப்பமே திரும்பிப் பார்த்தது. பெண் வீட்டார் வாய் பிளந்து நின்றார்கள். வேனிலிருந்து இறங்கி நின்ற அத்தை, கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கண்ணாலேயே அளந்தார். கடைசியில் என்னிடம் வந்து நின்றது பார்வை.

நிக்காஹ் நல்லபடி நடந்தது. பிரியாணி எனக்கு இறங்கவில்லை. (இரண்டாவது தட்டு இறங்கவில்லை என்று சொல்ல வந்தேன்.)

ஞாயிற்றுக்கிழமை புது மூடி வாங்கி மாட்டினேன். கார் மறுபடியும் அமைதியாக ஓடியது. யாருக்கு வேண்டும்? அத்தை சொன்ன சொல்லில் நிற்பவர். திங்கட்கிழமை காலை காயலான் கடைக்காரர் வாசலில் வந்து டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை.

அன்றுதான் இர்பானும் புதுப்பெண் சபீனாவும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். சபீனா உள்ளே நுழையும் முன் காரைப் பார்த்துவிட்டாள். சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, அன்னிக்கு எனக்கு உடம்பெல்லாம் நடுங்குச்சு" என்றாள் அத்தையிடம். "போன்லதான் ரெண்டு வார்த்தை பேசியிருக்கேன், எப்படிப்பட்டவரோன்னு பயம். ஜன்னல்ல பார்த்தா டிராக்டர் இழுத்துட்டு வருது, உள்ள இவரு பூவை ஒதுக்கிட்டு முழிக்கிறாரு. அந்த முழியைப் பார்த்ததும் பயமெல்லாம் போயிடுச்சு. இந்த ஆளோட வாழ்ந்துடலாம்னு தோணுச்சு."

பிறகுதான் வாசலில் நின்ற ஆளைக் கவனித்தாள். "அய்யோ, இதை விக்கவா போறீங்க? வேணாம்மா. எனக்காக வச்சிக்குங்கம்மா."

முதல் விருந்துக்கு வந்த புதுப்பெண் வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. அத்தை காரைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பற்களைக் கடித்தார். பிறகு உள்ளே போய் ஒரு ஓட்டை அண்டாவைத் தூக்கிவந்து காயலான் கடைக்காரரிடம் கொடுத்தார். "இதுக்குத்தான் வரச் சொன்னேன்." உள்ளறையில் மாமா மூக்கை உறிஞ்சும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அன்றிலிருந்து அந்தக் கார் ஒரு தடவைகூட இருமவில்லை. அந்தப் பெருமையை யாரும் என் கணக்கில் வரவு வைக்கவில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வராமல் தலைக்கு மேலேயே பயணம் செய்கிறது. நெட் வரவில்லையா, பிரிட்ஜ் குளிரவில்லையா, வீட்டில் முதல் கேள்வி, "கலா, பொட்டு வச்சியா?" சபீனா துபாயிலிருந்து வீடியோ கால் செய்து, அவர்கள் ஏசி நின்றதற்கும் அதையே கேட்கிறாள்.

போன மாதம் மாமாவுக்குக் காது கேட்கிற மெஷின் வாங்கினோம். டப்பாவைப் பிரித்து, மாட்டிவிடலாம் என்று ஆசையாக அருகில் போனேன். மாமா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீயே மாட்டும்மா. ஆனா முதல்ல கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து என்கிட்ட காட்டு."