தேன் எடுத்துக் காட்டச் சொன்ன நாள்

அரசாங்க வேலை கிடைத்த முதல் ஆறு மாதம் நான் சகிக்க முடியாத ஆளாக இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வருவாய் ஆய்வாளர் என்று அச்சடித்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தக்காளி வாங்கப் போனவள் நான். (தக்காளிக்காரர் விலையைக் குறைக்கவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் செல்வியின் மனு என் மேஜைக்கு வந்தது. அய்யலூர்ப் பக்கம், மலையடிவாரத்தில் வீடு. பிளஸ் டூ முடித்த பெண். நர்சிங் சேர, பழங்குடிச் சான்றிதழ் கேட்டிருந்தாள். நான் நேரில் விசாரித்து அறிக்கை எழுதினால்தான் கோப்பு மேலே போகும். கல்லூரியில் சேர இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

போலிகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அலுவலகத்தில் ஒரு சீனியர் எனக்கு வகுப்பே எடுத்திருந்தார். செல்வி வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். காரை வீடு, உள்ளே டிவி, வாசலில் மொபட். செல்வி இஸ்திரி போட்ட சுடிதாரில் நின்றாள். அவள் அப்பா முருகன் லாரி டிரைவர். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழங்குடி என்றால் பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல் இருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

குலத்தொழில் என்ன என்று கேட்டேன். தேன் எடுப்பது என்றும், அது தன் அப்பா காலத்தோடு போய்விட்டது என்றும் முருகன் சொன்னார்.

"அப்ப எடுத்துக் காட்டுங்க" என்றேன்.

அவர் மலைப் பக்கம் கையைக் காட்டினார். "காட்டுக்குள்ள இருந்தப்ப ஒனக்கு இங்க என்ன வேலைன்னு வெரட்டுனாக. ஊருக்குள்ள வந்து பிள்ளையப் படிக்க வச்சா, நீ அந்த ஆளே இல்லைங்கிறீக. நாங்க எங்கிட்டு இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க மேடம்."

அதற்கான பதிலை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை. அதெல்லாம் விதி என்றேன். (அப்படி ஒரு விதி கிடையாது.)

மகள் படிப்பாயிற்றே. வாழ்நாளில் தேன் எடுத்திராத அந்த மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீட்டுப் பக்கத்துப் புளியமரத்தில் இருந்த தேன்கூட்டுக்குக் கீழே தேங்காய் மட்டையைக் கொளுத்தினார். நான் குறிப்பேட்டோடு பக்கத்தில் போய் நின்றேன். காற்று திரும்பியது. தேனீக்களுக்கு விசாரணை அதிகாரி யாரென்று தெரிந்துவிட்டது.

ஐந்து நிமிடத்தில் என் முகம் பூசணிக்காய் ஆனது. செல்விதான் கொடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். முருகன் தன் மொபட்டில் நடுவில் என்னையும் பின்னால் அவளையும் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்.

அங்கே வரிசை நீளமாக இருந்தது. நான் அதிகாரி என்று வீங்கிய வாயால் குழறி, அட்டையை நீட்டினேன். நர்ஸ் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதான்னு எப்படிம்மா நம்புறது?"

"அவங்கதான் சிஸ்டர்" என்றாள் செல்வி. "எங்க வீட்டுக்குத்தான் விசாரிக்க வந்தாங்க."

நர்ஸ் உடனே என் பெயரை எழுதிக்கொண்டார்.

ஒரு வாரம் விடுப்பில் கிடந்தேன். கோப்பு என் மேஜை டிராயரில் இருந்தது, சாவி என் கைப்பையில் இருந்தது. திரும்பிய அன்றே பரிந்துரை எழுதினேன். அதற்குமேல் கோப்பு தன் வழக்கமான நடையில் போனது. சான்றிதழ் வந்தபோது கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்வி அப்போது நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு, "மொகம் சரியாப்போச்சா மேடம்?" என்று கேட்டாள்.

அடுத்த வருடம்தான் அவள் நர்சிங் சேர்ந்தாள்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் அப்போது வீட்டில் எடுத்த அந்தப் பூசணிக்காய் முகப் போட்டோ இன்றும் வெளியே வரும். நான் எதற்காவது ஆதாரம் கேட்டால், என் கணவர் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மரம் தேடுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் நர்ஸ் வரைக்கும் நடித்துக் காட்டி நிறுத்திக்கொள்வேன். அந்தப் பெண்ணுக்குச் சான்றிதழ் எப்போது கிடைத்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.